வெளிச்சம் படாத இடம்

திரிசூலத்தின் இடது முனைக்குப் பக்கத்தில், பிலிமில் இல்லாத நான்கு சின்ன ஓட்டைகள் விழுந்திருந்தன.

நளினி குழாயை மூடாமலே குனிந்து பார்த்தாள். பின்வாசல் சிமெண்டுத் தொட்டியில் சாய்த்து வைத்திருந்த, சட்டையில் படம் அச்சடிக்கும் ஸ்கிரீனிலிருந்து பச்சை மருந்து கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. மலைத்தண்ணீர் என்பதால் விரல்கள் மரத்துப்போய்விட்டன. சூலம் அழகாகத் திறந்திருந்தது. வேப்பிலையும் திறந்திருந்தது. 'மேல் டிவிஷன் மாரியம்மன் திருவிழாக் குழு' என்ற எழுத்துகளில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. இந்த நான்கும் மட்டும்தான் அழையா விருந்தாளிகள். வரிசையாக, கடைசியில் இருந்தது மட்டும் கொஞ்சம் சிறுத்துத் தாழ்ந்து, யாரோ ஒரு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தன. ஸ்கிரீனைத் தூக்கிப் பிடித்தபோது அந்த ஓட்டைகள் வழியே பனிமூட்டமும் அதற்குப் பின்னால் தேயிலைச் சரிவும் தெரிந்தன.

எங்கேயோ கை பட்டுத் தொலைத்திருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் மனதின் ஒரு மூலை அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்து, மூன்று ஸ்கிரீனைப் பாழாக்கி, நான்காவதில் பிடித்துக்கொண்டாள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் மருந்தைத் தடவி, இருட்டில் காயவைக்க வேண்டும். டிசைனைக் கறுப்பாக அச்சிட்ட பிலிமை அதன்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, பெரிய விளக்கைப் போட வேண்டும். வெளிச்சம் பட்ட இடத்தில் மருந்து இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடத்தில் இறுகாது. தண்ணீர் விட்டதும் கரைந்து ஓடிவிடும். அந்தத் திறப்பு வழியாகத்தான் மை இறங்கிச் சட்டையில் படம் விழும். எது வெளிச்சத்தை மறைக்கிறதோ அது சட்டையில் வரும், அவ்வளவுதான் வித்தை.

அப்படியென்றால் விளக்கு எரிந்த நேரத்தில் நான்கு விரல்கள் அதை மறைத்திருக்கின்றன. விளக்கு எரிந்த நேரத்தில் நளினி அறைக்கு வெளியே, அடுப்படியில், குக்கர் விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

வசதி உள்ளவர்கள் இதற்கென்று மெஷின் வைத்திருக்கிறார்கள். நளினியிடம் இருந்தது அடுப்படியை ஒட்டிய சாமான் அறை. ஜன்னல் கிடையாது; கூரையோரம் இருந்த இடுக்குகளைக் கியா பார்மில் ஸ்ட்ராபெர்ரிப் பாத்திக்கு விரிக்கிற கறுப்பு பிளாஸ்டிக்கால் அடைத்து, கதவின் உள்பக்கத்தையும் அதாலேயே மூடியிருந்தாள். விளக்கு, கம்போங் ராஜாவில் சாமந்திச் செடிகளை ராத்திரி முழுவதும் விழித்திருக்க வைப்பார்களே, அந்தப் பூத்தோட்டங்களில் ஒன்றில் கழித்துப் போட்டது. அதன் வயரைக் கதவுக்கு அடியில் இழுத்து வந்து அடுப்படியிலேயே சுவிட்ச் வைத்துக்கொண்டாள். நேரத்துக்குக் குக்கர். ஒரு டம்ளர் பருப்பு, மூன்று விசில். குறைந்தால் மருந்து மொத்தமாகக் கழன்று வரும். கூடினால் எழுத்து திறக்காது. அதன் புண்ணியத்தில் ஒரு மாதமாக அந்த வீட்டில் சாம்பாருக்குப் பஞ்சமில்லை.

பாக்கி இருந்தது கண்ணாடி. முதலில் வைத்திருந்த ஜன்னல் கண்ணாடி விளக்கின் சூட்டில் விரிசல் விட்டுவிட்டது. பிரிஞ்சாங்கில் அந்த அளவுக்கு வெட்டித்தர ஆளில்லை, திருவிழாவோ நெருங்கிவிட்டது. கூடத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும் கண்ணாடி.

அது திலகாவின் படத்துக் கண்ணாடி.

திலகா அவள் கணவன் திருமாறனின் தங்கை. நளினி இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே, பத்தொன்பது வயதில், காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னார்கள். கன்னியாகப் போனவள் வீட்டுக்குத் தெய்வம். அதனால் அவள் படத்தை ஈப்போவில் ஆளுயரத்தில் பாதிக்குப் பெரிதாக்கி மாட்டி, சின்ன பல்பு போட்டு, ஆடி மாதம் வந்தால் புதுச் சேலையும் கண்ணாடி வளையலும் மாவிளக்கும் வைத்துக் கும்பிடுவார்கள். சேலையைத் திருமாறனே டவுனுக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து எடுப்பான். படைக்கும்போது அவன் கண் கலங்கும். இப்படி ஓர் அண்ணன் கிடைக்குமா என்று லயத்துப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

படத்தைக் கழற்றிய அன்று நளினி, "ரெண்டு நாள் குடும்மா, கழுவிப் பழையபடி வெச்சுர்றேன்" என்று சொல்லித்தான் எடுத்தாள். வெறும் தாளாக நின்ற திலகாவின் முகத்துக்கு மேல் மாலையைத் திரும்பப் போட்டுவிட்டாள். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கண்ணாடி போனபின் அந்தக் கண்கள் கொஞ்சம் கிட்டே வந்ததுபோல் இருந்தது.

படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி இருந்தது. அதைத் திருமாறன் போன வாரம் அடித்தான்.

போன வாரம்தான் திருவிழாக் குழுவின் ரூபன், மஞ்சள் சட்டை மூட்டையைக் கொண்டுவந்து இறக்கியவன், "அக்கா, தேத்தண்ணி இருக்கா" என்று உரிமையோடு கேட்டு, வாசற்படியில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனான். சாயங்காலம் தேயிலைக் காட்டிலிருந்து திரும்பிய திருமாறன் தொட்டியில் கிடந்த இரண்டு கிளாசையும் பார்த்தான். அவன் மண்டோர், தோட்டத்துக் கங்காணி. காட்டில் இருபது பங்களாதேசிகள் அவன் கை காட்டும் பக்கம் நகர்வார்கள். குரலை உயர்த்திப் பேசி அவனுக்குப் பழக்கமே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. அவள் கைப்பேசியை வாங்கி, மெதுவாக மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத் திருப்பித் தந்தான். பிறகு சுத்தியலை எடுத்துவந்து ஆணியை அடித்தான்.

"உன் கல்யாணப் படத்தப் பெருசு பண்ணக் குடுத்திருக்கேன். உன்ன மட்டும்" என்றான்.

உயிரோடிருக்கும் பெண்ணின் படத்தைத் தனியாக, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் யாராவது மாட்டுவார்களா? மறுநாளிலிருந்து அவன் வேலைக்குப் போகும்போது வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப்போனான். பின்வாசலுக்கு அப்பால் மதிலும் செங்குத்தான மண்மேடும்தான். லெம்பா பெர்த்தாமில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு உன்மேல் அவ்வளவு பிரியம் என்று அப்பா சிரித்தார். அன்றிலிருந்து அவள் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஆணியைப் பார்க்காமல் கடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஸ்கிரீனில் இருந்ததை அழித்து, மறுபடி மருந்து தடவினாள். இந்த மலையில் மருந்து சாமானியத்தில் காயாது; துணி காயாது, மனுஷன் தலை காயாது, மருந்து எங்கே காயப்போகிறது. தலை உலர்த்தும் மெஷினை வைத்து ஒரு பொழுது முழுக்க ஊதி எடுத்தாள். மறுநாள் மத்தியானம் பிலிமை வைத்து, கண்ணாடியை வைத்து, நான்கு மூலையிலும் கல் ஏற்றினாள். வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் அன்றுதான் அவள் கண்ணில் உறுத்தியது. முழங்கை நீளத்துக்குக் கனத்த இரும்பு. அரிசி மூட்டையும் பழைய பாயும் வைக்கிற அறைக்கு எதற்கு இப்படி ஒன்று?

சுவிட்சைத் தட்டினாள். கதவுக்கு அடியில் நூல்போல வெள்ளை வெளிச்சம் கசிந்தது. குக்கரை ஏற்றினாள்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் அது போட்ட சத்தத்துக்குள், கீழே தொழிற்சாலையின் உறுமலும், முன்னறையில் மாமியார் தங்கம்மா விடாமல் இருமுவதும், குக்கரின் வெயிட் மெல்ல ஆடத் தொடங்குவதும் ஒன்றோடொன்று கலந்து கேட்டன. வறுபடும் தேயிலையின் வாடை பனியோடு இறங்கி வந்து அடுப்படியில் தங்கியது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. மூடிவைத்த பானையைப் பல நாள் கழித்துத் திறந்தால் வருமே, அப்படி. நளினி மோந்துகொண்டே சுற்றிலும் பார்த்தாள். கதவுக்கு அடியிலிருந்துதான் வந்தது.

முதல் விசில் அடித்தது.

அது அடங்கியபோது இன்னொரு சத்தம் மிச்சமிருந்தது. பிளாஸ்டிக்கை நகத்தால் வருடுவதுபோல. கதவின் கீழ்ப்பாதியில், உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கையெட்டும் உயரத்தில், ஒரே இடத்தில், அவசரமில்லாமல். எலி என்று நினைத்துக்கொண்டாள். எலி இவ்வளவு பொறுமையாகச் சுரண்டுமா என்றும் நினைத்தாள். இரண்டாவது விசிலில் அது நின்றது. மூன்றாவதில், கதவுக்கு அடியில் கசிந்த வெளிச்சத்தை ஏதோ ஒன்று குறுக்கே மறைத்துவிட்டு விலகியது.

அவளுக்கு ஓடவேண்டும்போல் இருந்தது. எங்கே ஓடுவது, வாசல்தான் பூட்டிக் கிடக்கிறதே. சுவிட்சை அணைத்து, தாழ்ப்பாளை நீக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், ஸ்கிரீனை மட்டும் பிடுங்கிக்கொண்டு தொட்டிக்கு வந்துவிட்டாள்.

தண்ணீர் பட்டதும் சூலம் திறந்தது. எழுத்து திறந்தது. பிறகு, எழுத்துக்குக் கீழே ஒரு முழுக் கை மெல்லத் திறந்தது. விரல்கள், உள்ளங்கை, மணிக்கட்டில் பாதி உடைந்த வளையல். ஓரங்கள் கத்தியால் வெட்டினதுபோல் கூர்மையாக இருந்தன. விளக்குக்குக் கீழே எட்டத்தில் கையை நீட்டினால் நிழல் கலங்கித்தான் விழும், அதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். இவ்வளவு சுத்தமாக விழவேண்டுமானால் கை கண்ணாடியோடு ஒட்டி இருந்திருக்க வேண்டும். விரல் நுனிகள் மட்டும் ஒழுங்கில்லாமல் பிசிறடித்திருந்தன. நகம் இருக்கவேண்டிய இடங்கள்.

ஈரக்கையோடு அறைக்கு ஓடினாள். கதவின் உள்பக்கம், கீழே, பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். மரக்கதவின் மேல்பாதிக்கு வண்ணமே கிடையாது. கீழ்ப்பாதிக்கு மட்டும் யாரோ பச்சை வண்ணத்தைக் கெட்டியாக, இரண்டு மூன்று தடவை பூசியிருந்தார்கள். ஈரத்துக்காக இருக்கும் என்று பிளாஸ்டிக் ஒட்டும்போது நினைத்திருந்தாள். இப்போது விரலை வைத்தாள். வண்ணத்துக்கு அடியில் வரி வரியாகப் பள்ளங்கள். நான்கு நான்காக. அவள் விரல்கள் அவற்றில் சரியாக உட்கார்ந்தன.

தங்கம்மா கூடத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, மகளின் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சைக் குறைத்துக்கொண்ட மனுஷி. நளினி ஸ்கிரீனைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தாள். தங்கம்மா அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். வளையல் இருந்த இடத்தைத் தடவினாள்.

"நீ கண்ணாடிய எடுத்தன்னிக்கே அவ வருவான்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நான் ஒண்ணும் சொல்லல. அவளுக்கு வேண்டியத எடுத்துக்கட்டும்னு இருந்துட்டேன்."

"அத்தே, திலகாவுக்குக் காய்ச்சல்தானா?"

தங்கம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். சத்தமில்லாமல், நேற்றைய சமையலைச் சொல்வதுபோல். "பூத்தோட்டத்துப் பையன் ஒருத்தனோட இவ பேசுறான்னு திருமாறன் கேள்விப்பட்டான். அந்த ரூமுக்குள்ள கெடந்தா புத்தி வரும்னு போட்டுப் பூட்டுனான். லைட்டு வயரப் புடுங்கிட்டான். அவளுக்குச் சின்னதுலேர்ந்தே இருட்டுன்னா பயம்லா. மொத நாளு கத்துனா. அப்புறம் தண்ணி கேட்டா. நான் இந்த அடுப்படியிலதான் நின்னேன், எனக்குக் கேட்டுச்சு. தொறக்காதம்மான்னான். நான் தொறக்கல."

அதற்குப் பிறகு தங்கம்மா இருமினாள். இருமி முடித்ததும் போர்வையை இழுத்துக்கொண்டாள். ஆடி மாதச் சேலை, வளையல், கலங்கிய கண் எல்லாம் நளினியின் நினைவில் ஒவ்வொன்றாக வந்தன. அதன் பின்னால், அவளே எதிர்பாராத அளவுக்கு, கோபம் வந்தது. கொன்றவன் கையாலேயே பொட்டு வைத்துக்கொண்டு ஒருத்தி இத்தனை வருஷம் இந்தச் சுவரில் தொங்கியிருக்கிறாள். பக்கத்து ஆணி நளினிக்கு.

இருட்டில் செத்தவள். தாகத்தோடு செத்தவள். அந்த அறையில் முதன்முதலாக வெளிச்சம் போட்டதும், அவள் படத்துக் கண்ணாடியை உள்ளே கொண்டுபோனதும் நளினிதான், அதனால்தான் கையை நீட்டியிருக்கிறாள்.

நளினி எழுந்தாள். இரண்டாவது சட்டத்தில் மருந்து தடவிக் காய்ந்து இருந்தது. அதைக் கறுப்புத் துணியில் சுற்றி எடுத்துவந்து அறையில் கிடத்தினாள். பிலிம் வைக்கவில்லை. சூலமும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். வெறும் கண்ணாடியை மட்டும் வைத்தாள். ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்போது அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை.

"யார் வேணுமோ எடுத்துக்க" என்று கண்ணாடியிடம் சொன்னாள். "என்ன விட்டுரு."

வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டு, சுவிட்சைத் தட்டி, குக்கரை ஏற்றினாள்.

முதல் விசில் அடிப்பதற்குள் வாசலில் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. இருட்டவில்லை, மழைக்காகச் சீக்கிரமே வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். திருமாறன் மழைக்கோட்டோடு கூடத்தில் நின்றான். கையில் பழுப்புத் தாள் சுற்றிய அகலமான, தட்டையான பொட்டலம். அதை ஆணிக்குக் கீழே சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்தான். ஒரு மூலையில் தாள் நனைந்து, அதன் வழியே நளினியின் கல்யாணச் சேலைக் கரை தெரிந்தது.

"நல்லா வந்திருக்கு" என்றான். "அப்புறம் பாக்கலாம். அந்த ரூம காலி பண்ணு. சட்ட வேலையெல்லாம் போதும்."

"அடுப்புல இருக்கு. மூணு விசில் ஆகட்டும்" என்றாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்போது உள்ளே யாரோ நகர்ந்தார்கள்.

எலி இல்லை. உட்கார்ந்திருந்த ஓர் ஆள் எழுந்து நிற்கும் சத்தம். பாய் சரசரத்தது. சொம்பு தரையில் உரசியது. பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம், தொண்டை நிறைய, மடக் மடக்கென்று, நிறுத்தாமல்.

திருமாறன் தாழ்ப்பாளைப் பார்த்தான். கதவுக்கு அடியில் கசிந்த வெளிச்சத்தைப் பார்த்தான். நளினியைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்தது கோபம்கூட இல்லை. தான் நினைத்தது சரியாகப் போய்விட்ட திருப்தி.

"யாரு உள்ள?"

"யாரும் இல்ல."

"தாப்பா போட்டு ஒளிச்சு வெச்சிருக்க" என்றான் மெதுவாக. "தண்ணி வேற குடுத்திருக்க."

அவள் சொல்லியிருக்கலாம். போகாதீங்க என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. வந்ததை நளினி விழுங்கினாள். அந்த விழுங்கல் பிற்பாடு அவளுக்கு மறக்கவே இல்லை, அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

அவன் இடுப்புப் பெல்ட்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டான். தாழ்ப்பாளை நீக்கினான். வெள்ளை வெளிச்சம் அவன் மார்பில் கொட்டியது. "வாடா வெளிய" என்றபடி உள்ளே காலை வைத்தான்.

கதவு அவன் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது.

முதல் விசில்.

"அண்ணே" என்றது உள்ளே ஒரு குரல். தண்ணீர் குடித்த ஈரத்தோடு. "வந்துட்டியா."

நளினியின் கை தாழ்ப்பாளில் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. இரும்பு ஐஸாகக் குளிர்ந்தது. உள்ளேயிருந்து கதவு ஒருமுறை அதிர்ந்தது. இன்னொரு முறை. தள்ளினாள். தாழ்ப்பாள் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது.

"நளினி."

குரல் உயர்ந்திருந்தது. அவள் கல்யாணம் பண்ணிவந்த நாளிலிருந்து முதல் தடவையாக.

"நளினி, கதவத் தொற. லைட்ட அணை. கண்ணு... கண்ணு எரியுது. தொற புள்ள."

சுவிட்ச் அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவுக்கு அடியில் அந்த வெளிச்சத்தில் இரண்டு நிழல்கள். ஒன்று துள்ளியது. ஒன்று அசையவில்லை.

இரண்டாவது விசில்.

"அம்மா." இப்போது அவன் அவளைக் கூப்பிடவில்லை. "அம்மா, தொறம்மா. அம்மா."

நளினி திரும்பினாள். அடுப்படி வாசலில் தங்கம்மா நின்றிருந்தாள். போர்வை கீழே விழுந்து கிடந்தது. இருமல் இல்லை. கண் இரண்டும் கதவின் கீழ்ப்பாதியில், திலகா தண்ணீர் கேட்ட அன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டு நின்ற அதே இடத்தில் நிலைத்திருந்தன.

"தொறக்காத" என்றாள் தங்கம்மா.

சுரண்டல் ஆரம்பித்தது. கீழே. கையெட்டும் உயரத்தில். இந்த முறை அவசரமாக. வண்ணம் உரியும் சத்தம். மரம் உரியும் சத்தம். பிறகு மரம் இல்லாத எதுவோ. நளினி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தினால் விசில் கேட்காது.

மூன்றாவது விசில்.

எல்லாம் நின்றது. மழைகூட.

பழக்கம் எவ்வளவு கொடியது பாருங்கள்; அவள் முதலில் அடுப்பைத்தான் அணைத்தாள். பிறகுதான் தாழ்ப்பாளை நீக்கினாள்.

விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பெல்ட் தரையில் கிடந்தது. சொம்பு காலியாக, கவிழ்ந்து கிடந்தது. கண்ணாடி கீறல் இல்லாமல் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. திருமாறன் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, முகத்தை விளக்குக்கு நேராக நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். மார்பு ஏறி இறங்கியது. உயிர் இருந்தது. வேறு யாரும் இல்லை.

ஆனால் அவன் முகத்தின்மேல் நிழல் விழுந்திருந்தது. விளக்குக்கும் அவனுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. இருந்தும் நிழல். எதிரில் நின்று ஒருத்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திப் பிடித்தால் எப்படி விழுமோ அப்படி. இந்தக் கண்ணின்மேல் நான்கு விரல். அந்தக் கண்ணின்மேல் நான்கு. வாயின்மேல் இரண்டு உள்ளங்கைகளின் அடி. கூர்மையான ஓரங்கள். ஒட்டிப் பிடித்த கை.

நளினி வெளியே வந்து சுவிட்சை அணைத்தாள். அடுப்படியின் மஞ்சள் பல்பை மட்டும் போட்டாள். நிழல் போகவில்லை.

"மயங்கியிருக்கான்" என்றாள் தங்கம்மா. தொட்டியிலிருந்து வாளி நிறையத் தண்ணீர் மொண்டு வந்திருந்தாள். அதை நளினியின் காலடியில் வைத்து, கப்பை நீட்டினாள். "மூஞ்சியில தண்ணி அடி."

மயங்கியவனுக்கு எல்லோரும் செய்வதுதான். நளினி கப்பில் மொண்டாள். குளிர்ந்த மலைத்தண்ணீர். அவன் முகத்தில் வீசி அடித்தாள்.

வெளிச்சம் பட்ட இடம் அப்படியே நின்றது. நெற்றி நின்றது. மூக்குத்தண்டு நின்றது. தாடை நின்றது.

நிழல் விழுந்த இடம் கரைந்தது.

முதலில் நுரைத்தது, மருந்து நுரைப்பதுபோல். பிறகு இளகி, கன்னத்தில் வழிந்து, கழுத்தில் இறங்கி, தரையில் ஓடியது. விரல் விரலாகத் திறந்துகொண்டு வந்தது. சுத்தமான ஓரங்கள். ஒரு பிசிறு இல்லை. இமை போனது. இமைக்கு அடியில் இருந்ததும் போனது. வாய் இருந்த இடத்தில் இரண்டு உள்ளங்கைகள் திறந்தன. அவற்றின் வழியே மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. விரல்களின் திறப்பு வழியே பின்னால் எலும்பு தெரியவில்லை, ரத்தம் தெரியவில்லை. இருட்டு மட்டும் தெரிந்தது. ஜன்னல் இல்லாத அறையின் இருட்டு. அதற்குள், வெகு ஆழத்தில், அவன் குரலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

நளினி கப்பைப் பிடித்தபடி நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் தங்கம்மாவின் மூச்சு கேட்டது. கூடத்தில், கண்ணாடி இல்லாத படத்தின் பக்கமிருந்து, வளையல்கள் மெல்லக் குலுங்கின.

"கேக்குறான்ல" என்றாள் தங்கம்மா. "இன்னும் ஊத்து."

நளினி குனிந்து மொண்டாள்.